“கறுப்பாட்டு போவுது சிஸ்டர்”

கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கத்துக் கிராமங்களில் சுகாதாரச் செவிலியராக வேலை பார்க்கும் எனக்கு, தடுப்பூசிக்கு அடுத்தபடியாக அதிகம் பேசக் கிடைக்கிற விஷயம் மலம். வெட்கம் விட்டுப்போய் ரொம்ப காலமாகிறது. வந்து சொல்பவர்களுக்குத்தான் இன்னும் வெட்கம்.

முதலில் வருவது கர்ப்பிணிகளின் புகார். “கறுப்பாட்டு போவுது சிஸ்டர், மாத்திரைய நிறுத்தியாச்சு.” நாங்கள் கொடுக்கும் அந்தச் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடம்பு எடுத்துக்கொண்டது போக மிச்சம் குடல் வழியே போகும்போது மலம் கறுப்பாகவோ கரும்பச்சையாகவோ மாறும். அவ்வளவுதான். ஆனால் மாமியாருக்கு இந்த விளக்கம் போதாது. மாத்திரை தின்றால் பிள்ளையும் கறுத்துப் பிறக்கும் என்று அவர் வேறு ஒரு கணக்கு வைத்திருப்பார். 180 நாள் மாத்திரையைத் தின்ன வைப்பதில் பாதி வேலை மாமியாரிடம்தான்.

பயப்பட வேண்டிய கறுப்பு வேறு. அது தார் மாதிரி பளபளப்பாக இருக்கும், கழிப்பறைப் பீங்கானில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் ஊற்றினாலும் சுலபத்தில் போகாது. நாற்றம் மறக்க முடியாதது. இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ ரத்தம் கசிந்து, அமிலமும் குடல் பாக்டீரியாவும் அதை மாற்றிவிடுவதால் வரும் நிறம் அது. ஐம்பது, நூறு மில்லி ரத்தம் கசிந்தாலே இப்படிப் போகலாம்.

இத்தனை நாள் வேலையில் எனக்குத் தெளிவானது இதுதான்: பயந்துகொண்டு ஓடி வந்து சொல்லும் நிறம் பெரும்பாலும் ஒன்றுமில்லாததாக இருக்கிறது. ஆபத்தான நிறத்தை யாரும் தானாக வந்து சொல்வதில்லை, நாம்தான் கேட்க வேண்டும்.

ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் ஓர் அண்ணன். பிரஷர் மாத்திரை கொடுக்க வீட்டுக்குப் போனபோது, தலை சுற்றுகிறது, மூச்சு வாங்குகிறது என்றார். பிரஷர் கூடிவிட்டது என்று அவரே முடிவும் செய்திருந்தார். பார்த்தால் பிரஷர் குறைவு, கீழ் இமையை இழுத்தால் வெளுப்பு. இடுப்பு வலிக்கு மெடிக்கலில் வாங்கிய மாத்திரையை மாதக்கணக்கில் வெறும் வயிற்றில் போட்டு வந்திருக்கிறார். மலம் என்ன நிறம் என்று கேட்டேன். “அதெல்லாம் ஆரு பாக்கா?” நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு விடியுமுன் தோட்டத்துக்குப் போகிறவர், அங்கேயே ஒதுங்கிவிட்டு வருகிறவர், எதைப் பார்ப்பார்? மறுநாள் பார்த்துவிட்டுக் கறுப்பு என்றார். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினோம். எண்டோஸ்கோப்பியில் இரைப்பைப் புண் தெரிந்தது. வலி மாத்திரையும் சாராயமும் சேர்ந்தால் இந்தக் கதை கடலோரத்திலும் நடக்கும், மலையோரத்திலும் நடக்கும்.

சிவப்பு ரத்தம் பெரும்பாலும் கீழேயிருந்து வருவது: மூலம், ஆசனவாய் வெடிப்பு. முந்தைய நாள் பீட்ரூட்டோ செங்கீரையோ தின்றீர்களா என்றும் கேட்டுக்கொள்வேன். ஆனால் நாற்பது தாண்டியவருக்கு ரத்தம் போய், எடையும் குறைந்தால், மூலம் என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்வதில்லை. குடலை உள்ளே பார்த்தே ஆக வேண்டும்.

மலம் பழுப்பாக இருப்பதற்கே பித்தநீர்தான் காரணம். அதிலுள்ள பிலிரூபினைக் குடல் பாக்டீரியாக்கள் மாற்றுவதால் வரும் நிறம் அது. பித்தநீர் குடலுக்கு வராவிட்டால் மலம் களிமண் நிறத்துக்கு வெளுத்துவிடும். கூடவே கண் மஞ்சள், கடும் மஞ்சளாகச் சிறுநீர், உடம்பெல்லாம் அரிப்பு. பித்தக்குழாயில் கல்லோ கட்டியோ இருக்கலாம். நம் ஊரில் காமாலை என்றாலே கீழாநெல்லி. வைரஸால் வரும் காமாலை பெரும்பாலும் தானே இறங்கிவிடும், பெயர் மருந்துக்குப் போகும். அடைப்பு அப்படி இறங்காது. மருந்து குடித்துக் காத்திருந்த வாரங்கள்தான் நஷ்டம்.

இதில் எனக்கு அதிகக் கவலை பச்சிளங்குழந்தைகள். பிறந்ததும் கரும்பச்சையாகப் போவது சில நாளில் கடுகு மஞ்சளுக்கு மாறிவிடும், அப்புறம் பச்சையாகப் போனாலும் பெரிதாகப் பயமில்லை. கொஞ்சம் வளர்ந்து மட்டி வாழைப்பழம் கொடுக்கத் தொடங்கியதும், மலத்தில் கறுப்பு நூல் நூலாக வருகிறது, பூச்சி என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். அது பழத்தின் நார். ஆனால் இரண்டு வாரம் தாண்டியும் காமாலை நிற்கிறது, மலமும் வெளுப்பு என்றால் இளவெயிலில் காட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. பித்தக்குழாயே அடைபட்டிருக்கலாம். ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் கண்டுபிடித்த அறுவைச் சிகிச்சை இதற்கு இருக்கிறது. 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். தைவானில் 2004 முதல் எல்லாத் தாய்மார்களுக்கும் மல நிற அட்டை கொடுக்கிறார்கள். நம் தாய்–சேய் அட்டையோடு இப்படி ஒன்று இருந்தால் எனக்குப் பாதிப் பேச்சு மிச்சம்.

எண்ணெய் மிதக்க, வெளிறிய மஞ்சளாக, நாற்றத்தோடு போவது இன்னொரு வகை. கணையம் பழுதானால் கொழுப்பு செரிக்காது. பக்கத்துக் கேரளத்தில் இந்த நோய் நிறையக் காணப்பட்டபோது மரச்சீனிக் (மரவள்ளிக்) கிழங்கின் மீது சந்தேகம் விழுந்தது, ஆனால் நிரூபணம் ஆகவில்லை. கிழங்கும் மீன்கறியும் தாராளமாகத் தின்னலாம். மெலிந்துகொண்டே போகிற இளவயதுக்காரருக்கு மலம் இப்படியும் போய், சர்க்கரையும் வந்தால் மட்டும் உடனே டாக்டரிடம் போகச் சொல்வேன்.

இப்போது இளம் தாய்மார்கள் வாட்ஸ்அப்பில் படமே அனுப்பிவிடுகிறார்கள். நல்லதுதான். ஒரே சிக்கல், மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்தால் வெளுத்ததும் மஞ்சளாகத் தெரியும். துணியை முற்றத்துக்குக் கொண்டுவந்து, பகல் வெளிச்சத்தில் எடுத்து அனுப்புங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். என் போனை வீட்டில் வேறு யாரும் தொடுவதில்லை.