விளம்பரத்தின் கடைசி வரி

பழைய ஆஸ்திரேலியச் செய்தித்தாள்களின் ஸ்கேன் பக்கங்களில் கட்டம் போடுவதுதான் சென்னையில் எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான வேலை. இது செய்தி, இது தலையங்கம், இது மரண அறிவிப்பு, இது விளம்பரம் என்று மவுஸால் கட்டம் இழுத்து வகை குறித்துவிட்டால் ஓசிஆர் மென்பொருள் எழுத்துகளைப் படித்துக்கொள்ளும். அது தப்பாகப் படித்த செய்தித் தலைப்புகளை நாங்கள் திருத்த வேண்டும். விளம்பரத்துக்கு அந்தத் திருத்தம் கிடையாது, மொத்தமாக ஒரு கட்டம், அவ்வளவுதான். டார்கெட்டைத் துரத்துகிறவர்களுக்கு விளம்பரப் பக்கம் வந்தால் கொண்டாட்டம். நான் அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

1850களின் சிட்னி, மெல்போர்ன், ஹோபார்ட் பத்திரிகைகளில் நாடகக் கொட்டகை விளம்பரங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்பு. மேலே பெரிய எழுத்தில் ஷேக்ஸ்பியரோ, கண்ணீரும் கத்தியுமாக ஒரு மெலோடிராமாவோ இருக்கும். நடுவில் ஒரு பாட்டு, ஒரு நடனம். கடைசியில், பொடி எழுத்தில், இன்றைய நிகழ்ச்சி இன்ன ஃபார்ஸுடன், அதாவது ஆள்மாறாட்டமும் அமளியுமான குட்டிச் சிரிப்பு நாடகத்துடன், நிறைவுறும் என்று ஒரு வரி. மேலே இருக்கும் பெயர் மாறிக்கொண்டே இருக்க, கடைசி வரியில் மட்டும் ‘பாக்ஸ் அண்ட் காக்ஸ்’ திரும்பத் திரும்ப வந்தது. வேறு ஊர், வேறு வருடம், வேறு கம்பெனி, ஆனால் அதே பெயர். முதலில் சர்வரில் ஒரே பக்கத்தை இரண்டு முறை ஏற்றிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

நைட் ஷிப்டில் டீ இடைவேளையில் அந்த நாடகத்தைத் தேடிப் படித்தேன். ஜான் மேடிசன் மார்ட்டன் எழுதியது, 1847 நவம்பர் 1 அன்று லண்டன் லைசியம் அரங்கில் முதலில் மேடையேறியது. ஆங்கில ஃபார்ஸ் என்று பெயர், கரு பிரெஞ்சு நாடகங்களிலிருந்து எடுத்தது. அந்தக் கால லண்டன் ஃபார்ஸ்கள் பலவும் இப்படி பிரெஞ்சிலிருந்து இரவல் வாங்கியவைதான். திருமதி பவுன்சர் என்ற வீட்டுக்காரம்மா ஒரே அறையை இரண்டு பேருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாள். காக்ஸ் தொப்பிக் கடையில் பகல் முழுக்க வேலை செய்பவன். பாக்ஸ் இரவெல்லாம் செய்தித்தாள் அச்சகத்தில் வேலை செய்துவிட்டு விடிந்ததும் வந்து தூங்குகிறவன். ஒருவன் இருப்பது மற்றவனுக்குத் தெரியாது. நிலக்கரி, மெழுகுவத்தி, சர்க்கரை எல்லாம் எப்படிக் குறைகிறது, அறையில் ஏன் புகையிலை வாடை அடிக்கிறது என்று காக்ஸ் புலம்புகிறான். ஒரு நாள் முதலாளி அவனுக்கு லீவு கொடுத்துவிட, இரண்டு பேரும் நேருக்கு நேர் முட்டிக்கொள்கிறார்கள். அதற்குள் ஒருவன் அடுப்பில் வைத்ததை மற்றவன் ஜன்னல் வழியாக வீசியாகிவிட்டது. அப்புறம் இருவருக்கும் நிச்சயிக்கப்பட்டது ஒரே பெண் என்று தெரிகிறது. அவள் கடலில் மூழ்கிவிட்டாள், சொத்தை வருங்காலக் கணவனுக்கே எழுதிவைத்திருக்கிறாள் என்று கடிதம் வந்ததும் நான்தான் கணவன் என்று இருவரும் சண்டை போடுகிறார்கள். உயிரோடுதான் இருக்கிறாள் என்று அடுத்த கடிதம் வந்ததும் நீயே கட்டிக்கொள் என்று ஒருவர் தலையில் ஒருவர் கட்டப் பார்க்கிறார்கள்.

நான் அப்போது திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில், பகல் ஷிப்ட்காரர் ஒருவருடன் ஒரே கட்டிலைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தேன். மேன்ஷன்காரருக்குத் தெரிந்தே, இரண்டு தனி வாடகைக்கு. ஷேவிங் க்ரீம் குறைவதைப் பற்றி எங்களுக்குள் பேச்சே கிடையாது, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் முகம் பார்ப்போம். அதனால் நான் சிரித்தது கொஞ்சம் அதிகப்படியாக இருந்திருக்கலாம்.

சரி, இந்தக் குட்டி நாடகம் ஏன் இவ்வளவு சுற்றியது? மூன்றே நடிகர்கள். ஒரே அறை, ஒரு கட்டில், ஒரு மேசை, சில கதவுகள். லண்டனில் லேசி என்ற பதிப்பாளர் இப்படிப்பட்ட நாடகங்களை மலிவான சிறு புத்தகங்களாகப் போட்டுக்கொண்டிருந்தார். யார் எந்தப் பக்கம் நுழைவது, என்ன சட்டை போடுவது என்பது வரை அதில் இருக்கும். நல்ல நடிகன் கிடைக்காத ஊரிலும் புத்தகத்தைப் பார்த்தே ஒப்பேற்றிவிடலாம். சட்டமும் கைகொடுத்தது. 1832இல் சிட்னியில் பார்னெட் லீவி என்ற வியாபாரிக்கு ஆளுநர் பர்க் நாடகம் போட உரிமம் கொடுத்தபோது, லண்டனின் உரிமம் பெற்ற அரங்குகளில் ஏற்கெனவே நடிக்கப்பட்டவற்றை மட்டுமே போடலாம் என்று கட்டுப்பாடு வைத்தார். பிரிட்டன் தன் கைதிகளை அனுப்பிவைத்த குடியேற்றத்தில் உள்ளூர்க்காரன் எழுதி மேடையேற்றினால் அதிகாரிகளைக் கிண்டலடித்துவிடுவானோ என்ற பயம்தான் என்பது என் ஊகம். ஆக, கப்பலில் வந்த சிரிப்புதான் பத்திரமான சிரிப்பு. அந்த டிசம்பர் 26 அன்று லீவியின் முதல் நிகழ்ச்சியே ‘பிளாக் ஐட் சூசன்’ முடிந்ததும் ‘மான்சியர் டான்சன்’ என்ற ஃபார்ஸுடன்தான் முடிந்தது.

இன்னும் பின்னால் போனால், 1796இல் ராபர்ட் சிடவே என்ற முன்னாள் கைதி சிட்னியில் கொட்டகை திறந்தபோதும் ஒரு சோக நாடகம், கூடவே ‘தி ஹோட்டல்’ என்ற ஃபார்ஸ். கேலரிக்கு ஒரு ஷில்லிங். காசு இல்லாதவர்கள் மாவும் இறைச்சியும் கொடுத்துவிட்டு உள்ளே போகலாம். டிக்கெட்டுக்காக ஓர் அதிகாரியின் வேட்டை நாயையே கொன்று கங்காரு இறைச்சி என்று விற்றுவிட்டார்கள் என்று ஒரு சம்பவம் அந்தக் காலக் குறிப்புகளில் இருக்கிறது. அப்படியாவது நாடகம் பார்க்க வேண்டும் என்ற வெறி எனக்குப் புரிகிறது. நாய்க்குப் புரிந்திருக்காது.

விமர்சனங்களில் இதெல்லாம் வராது. பெரிய நாடகத்துக்கு அரைப் பத்தி எழுதுகிற நிருபர் ஃபார்ஸுக்கு வந்ததும் அதுவும் நன்றாகச் சிரிக்கவைத்தது என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். பல நாள் அதுவும் கிடையாது, கிளம்பிப் போய்விட்டாரோ என்னவோ. அரைக் கட்டணத்தில் ஒன்பது மணிக்கு மேல் வருகிற கூட்டத்துக்கு ஃபார்ஸ்தான் நாடகம், அவர்களில் யாரும் பத்திரிகையில் எழுதுகிறவர்கள் இல்லை. ஹோபார்ட் தியேட்டர் ராயலில் அரங்குக்கு அடியிலேயே ஒரு சாராயக்கடை இருந்தது, கோப்பையோடு மேலே வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். அதே அரங்கம் 1837 மார்ச்சில் திறந்தபோது முதலில் போட்டது ‘ஸ்பீட் தி ப்ளவ்’. எழுதியவர் தாமஸ் மார்ட்டன், நம் ஃபார்ஸ்காரரின் அப்பா. அப்பா விளம்பரத்தின் முதல் வரி, பிள்ளை கடைசி வரி.

ஆக ஒரு ஃபார்ஸ் எங்கே, எப்போது, எத்தனை முறை ஓடியது என்பதற்கு அந்த விளம்பரக் கட்டத்தைவிட்டால் வேறு சாட்சியே பெரும்பாலும் இல்லை. நாங்கள் திருத்தாமல் விட்ட கட்டம். அங்கே ஓசிஆர் ‘பாஸ் அண்ட் காஸ்’, ‘போக்ஸ் அண்ட் கோக்ஸ்’ என்றெல்லாம் படித்துவைத்திருக்கும், தேடுகிறவன் கண்ணில் படாது. டீம் லீடிடம் ஒரு நாள் கேட்டேன், “அண்ணா, நாடக விளம்பரத்தில் பெயர்களையாவது திருத்தலாமே?”

“க்ளையன்ட் கேட்கலப்பா. நீ பக்கத்தை முடி.”

அவர் சொன்னதில் தப்பில்லை, பக்கத்துக்குத்தான் காசு. மார்ட்டனுக்கும் கணக்கு கிட்டத்தட்ட அப்படித்தான் முடிந்தது. உலகம் முழுக்க அவர் நாடகத்துக்குச் சிரித்தார்கள், அவரோ ஃபார்ஸுக்கு மவுசு குறைந்தபின் 1881இல் சார்ட்டர்ஹவுஸ் என்ற ஆதரவற்ற முதியோருக்கான இல்லத்தில் சேர்ந்து 1891இல் அங்கேயே இறந்தார்.

இப்போது நான் வேறு கம்பெனியில் காப்பீட்டுப் படிவங்கள் பார்க்கிறேன். ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் பழைய பத்திரிகை எழுத்துகளை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று வைத்திருக்கிறார்கள். தூக்கம் வராத சமயங்களில் அங்கே போய் நாடக விளம்பரங்களின் கடைசி வரியை மட்டும் திருத்திக்கொண்டிருக்கிறேன். காசு இல்லை, டார்கெட்டும் இல்லை.