நின்றிருந்த பிளேடு

என் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. டேபிள் சாவில், அதாவது மேஜைக்கு நடுவே பிளேடு சுற்றும் மர ரம்பத்தில், பிளேடு மாற்றப் போகிறவரும் அடியில் சேர்ந்த மரத்தூளை எடுக்கப் போகிறவரும் முதலில் பிளக்கைப் பிடுங்கி, அதை மேஜையின் மேலேயே தன் கண்முன் வைத்துக்கொள்ள வேண்டும். சுவிட்சை ஆஃப் செய்தால் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்கித் தரையில் போட்டாலும் போதாது. தரையில் கிடப்பதை இன்னொருவர் நல்ல மனதோடு எடுத்துச் சொருகிவிடலாம். புதிதாக வரும் பையன்களுக்கு இது கொஞ்சம் அதிகப்படியாகத் தெரியும். "ஆஃப்லதானண்ணே இருக்கு" என்பார்கள். அப்போது அவர்களை உட்காரவைத்து 2012-இல் நடந்ததைச் சொல்வேன்.

அந்த வருடத்து மின்வெட்டை மறந்தவர் தமிழ்நாட்டில் யாரும் இருக்க முடியாது. காரைக்குடிப் பக்கம் பகலில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. நான் அப்போது இன்னொருவர் பட்டறையில் கூலிக்கு வேலை செய்துகொண்டிருந்தேன். செட்டிநாட்டுப் பழைய வீடுகளை இடிக்கும்போது வரும் பர்மாத் தேக்கை வாங்கி, உத்திரத்தையும் தூணையும் அறுத்து, புது வீடுகளுக்கு நிலையும் கதவும் செய்கிற இடம். ரம்பம் கம்பெனி மெஷின் அல்ல. லேத் பட்டறையில் சொல்லிச் செய்த இரும்பு மேஜை, 5 எச்.பி. த்ரீ ஃபேஸ் மோட்டார், பெல்ட், 12 அங்குல பிளேடு. பிளேடுக்கு மேலே மூடி கிடையாது. மோட்டாரை ஓட்ட முதலாளி தன் தோட்டத்துக் கிணற்றடியில் சும்மா கிடந்த ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்து மாட்டியிருந்தார். அதில் ஆட்டோ சுவிட்ச் இருந்தது.

விவசாயிக்கு ஆட்டோ பெரிய உதவி. நடுராத்திரி த்ரீ ஃபேஸ் வந்தாலும் எழுந்து போக வேண்டியதில்லை, மோட்டார் தானாக ஓடி வயலுக்குத் தண்ணீர் பாய்ந்துவிடும். அதே பெட்டியை ரம்பத்துக்கு மாட்டினால் என்ன ஆகும் என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. எனக்கு அப்போதே ஏழெட்டு வருட அனுபவம். நானும் யோசிக்கவில்லை.

அன்றைக்குக் காலையில் ஒரு தேக்குச் சட்டத்தைப் பாதி அறுத்தபோது கரண்ட் போனது. பிளேடு மெதுவாகச் சுற்றி நின்றது. சட்டத்தை வெளியே இழுத்துவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தும் கரண்ட் இல்லை. சும்மா இருப்பானேன் என்று எங்களோடு இருந்த பையன், பத்தொன்பது வயதுதான் இருக்கும், பிளேடுக்குப் பக்கத்துச் சந்தில் அடைத்துக்கொண்டிருந்த சிம்புகளை விரலால் நோண்டி எடுக்க ஆரம்பித்தான். யாரும் அவனிடம் சொல்லவில்லை. பொறுப்பாக அவனே செய்த வேலை அது. கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றிய அதே நொடியில் ரம்பமும் சுற்றியது.

வலது கை ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போனது. நடுவிரல் நுனியும் கிழிந்தது.

அப்புறம் நாங்கள் செய்ததும் தப்புதான். எதிரே இருந்த ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி, விழுந்த துண்டை ஐஸுக்குள்ளேயே புதைத்து, கார் பிடித்து மதுரைக்கு ஓடினோம். ஐஸ் நேராகப் பட்டதில் சதை உறைந்து கெட்டுவிட்டது, இனி ஒட்டவைக்க முடியாது என்று மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். துண்டான விரலைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்ற வேண்டும். அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தண்ணீர் புகாமல் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸ் போட்ட தண்ணீரில் வைக்க வேண்டும். ஐஸும் சதையும் ஒன்றை ஒன்று தொடவே கூடாது. இன்றைக்கு என் பட்டறையில் முதலுதவிப் பெட்டியோடு இரண்டு சுத்தமான பிளாஸ்டிக் பைகளும் இருக்கின்றன. தேவைப்படக் கூடாது என்று வேண்டிக்கொண்டே மாதாமாதம் எடுத்துப் பார்க்கிறேன்.

பிறகு ஒரு எலெக்ட்ரீஷியன் அண்ணன் விளக்கினார். பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் உள்ள சாதாரண மோட்டார் ஸ்டார்ட்டருக்குள் ஒரு சுருள் உண்டு, நோ வோல்ட் காயில் என்பார்கள். கரண்ட் இருக்கும்வரை அது தொடர்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். கரண்ட் போனால் விட்டுவிடும். திரும்பக் கரண்ட் வந்தாலும் மோட்டார் ஓடாது, ஒருவர் வந்து பச்சையை அழுத்தியாக வேண்டும். ஆட்டோ சுவிட்ச் செய்வது, அந்த ஒருவரின் கைக்குப் பதிலாகத் தானே அழுத்துவது. அந்த ஆட்டோவைக் கழற்றி வைத்திருந்தால் போதும், பையனின் விரல் இருந்திருக்கும். ஒரு ரூபாய் செலவில்லை. வெறும் தள்ளு சுவிட்ச் போட்டு ஓட்டும் ரம்பத்துக்கும் இதே ஆபத்து உண்டு. கரண்ட் போனால் சுவிட்ச் தன் பாட்டுக்கு ஆனிலேயே நிற்கும். பிளைவுட் பலகைக்கு அடியில், கையில் பிடித்து அறுக்கும் மெஷினைக் கவிழ்த்து மாட்டி, ட்ரிக்கரைக் கட்டிவைத்து, சைட்டில் ரம்பமாக ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்கும். நின்று பேசிவிட்டுத்தான் வருவேன். சிலர் கேட்பார்கள், சிலர் கோபப்படுவார்கள்.

நின்றிருப்பது வேறு, நிறுத்தியிருப்பது வேறு. அறுக்கும்போது எல்லோரும் கவனமாகத்தான் இருக்கிறோம். அந்தச் சத்தமே பயத்தைக் கொடுத்துவிடும். சத்தம் ஓய்ந்ததும் பயமும் ஓய்ந்துவிடுகிறது. என் மெஷினில் சிவப்பை அழுத்திய பிறகும் பிளேடு பத்துப் பதினைந்து நொடி சுற்றும். அந்த நேரத்தில்தான் பக்கத்தில் கிடக்கும் சின்னத் துண்டை எடுக்கக் கை போகும். கை போகக் கூடாது. குச்சியால் கூடத் தள்ளக் கூடாது. பிளேடு அசையாமல் நிற்கும்வரை நாமும் அசையாமல் நிற்க வேண்டும்.

2016-இல் சொந்தப் பட்டறை போட்டபோது, கடன் வாங்கியாவது கம்பெனி மெஷின் என்று முடிவு செய்தேன். 10 அங்குல பிளேடு, நிமிடத்துக்கு 4,000 சுற்று. கணக்குப் போட்டுப் பாருங்கள், பிளேடின் ஒவ்வொரு பல்லும் நொடிக்கு 53 மீட்டர், மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பெட்டிக்குள் மூடியும், பிளேடுக்குப் பின்னால் நிற்கும் ஒரு மெல்லிய தகடும் இருந்தன. ரிவிங் நைஃப் என்று போட்டிருந்தது. நாங்கள் பின்தகடு என்கிறோம். அது என்ன செய்கிறது என்பது மரம் தெரிந்தவருக்கு உடனே விளங்கும். பச்சை வேம்பையோ முறுக்கு விழுந்த பூவரசையோ நீளவாக்கில் பிளந்தால், அறுபட்ட இரண்டு பக்கமும் உள்ளே இருக்கும் இழுவிசையால் மூடிக்கொள்ளப் பார்க்கும். பிளேடின் முன்பக்கப் பற்கள் கீழே இறங்குகின்றன, பின்பக்கப் பற்கள் மேலே ஏறுகின்றன. மூடிக்கொண்ட மரம் பின்பற்களைக் கவ்வினால், அந்தப் பற்கள் மரத்தைத் தூக்கி நம்மை நோக்கியே எறிந்துவிடும். தகடு அந்தப் பிளவு மூடாமல் நடுவில் நிற்கிறது.

கதவுச் சட்டத்துக்குக் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுக்க அந்த மூடியைக் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றியபோது தகட்டையும் சேர்த்துக் கழற்றினேன். திரும்ப மாட்டவில்லை. நாளைக்கும் காடி வேலை இருக்கிறதே என்று நினைத்தேன். அப்படியே நான்கு மாதம் ஓடியது. ஒரு நாள் வேம்பில் ரீப்பர் அறுக்கும்போது மூன்றடி நீளத் துண்டு ஒன்று பாய்ந்து வந்து என் இடுப்பெலும்பில் மோதியது. இரண்டு வாரம் சரியாக நடக்க முடியவில்லை. கொஞ்சம் உள்ளே தள்ளிப் பட்டிருந்தால் என்னாகும் என்று என் மனைவி கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. விரல் போன ஒரு பையனைக் கண்ணால் பார்த்த நான்தான் தகட்டைக் கழற்றி பெயின்ட் வாளிக்குள் போட்டு வைத்திருந்தேன். அதை நினைத்தால் வலியை விட வெட்கம் அதிகமாக இருந்தது. இப்போது காடி முடிந்தவுடன், அடுத்த மரத்தைத் தொடுமுன், தகடு ஏறிவிடும். அறுக்கும்போது நானும் பிளேடுக்கு நேராக நிற்பதில்லை, ஒரு பக்கமாக ஒதுங்கித்தான் நிற்கிறேன்.

பராமரிப்பு என்றதும் பலரும் எண்ணெய் விடுவதை நினைக்கிறார்கள். பழைய மரம் அறுக்கிற எங்களுக்கு முதல் பராமரிப்பு மரத்தின் மேல்தான். முனீஸ்வரன் கோவில் தெருவில் வாங்கி வரும் பழைய உத்திரத்துக்குள் தலை போன ஆணி ஒன்றாவது ஒளிந்திருக்கும். காந்தத்தை மேலே ஓட்டிப் பார்ப்போம், சந்தேகமான இடத்தை உளியால் சுரண்டுவோம். ஆணியில் மோதினால் பிளேடில் பற்றவைத்த கார்பைடு பல் தெறித்துவிடும். அது எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கண்ணாடி போடாமல் பழைய மரத்தைத் தொட நான் விடுவதில்லை. கையுறை மட்டும் கூடவே கூடாது, பல்லில் நூல் மாட்டினால் கையையே இழுத்துக்கொள்ளும். கோயில் கயிற்றையும் அதே காரணத்துக்காக மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேலே ஏற்றிக் கட்டச் சொல்வேன். அவிழ்க்கச் சொன்னால் பையன்களின் மனசு சங்கடப்படும்.

பிளேடு மழுங்கினால் மரமே சொல்லிவிடும். தள்ளக் கனமாக இருக்கும், அறுத்த இடம் கருகும். பாதி நேரம் அது மழுங்கல்கூட இல்லை, பல்லில் ஏறிய பிசின்தான். மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். பிசின் பிடித்த பிளேடை அழுத்தித் தள்ளுகிறவரின் கை, மரம் முடிகிற இடத்தில் வழுக்கி முன்னால் போகும். அதனால் சுத்தம் செய்வதை நான் பாதுகாப்பு வேலையாகவே பார்க்கிறேன். கழற்றும்போது ஒன்றை நினைவில் வைத்தால் போதும்: பிளேடு சுற்றும் திசையிலேயே திருப்பினால்தான் நட்டு கழலும். அப்புறம் ஃபென்ஸ், மரத்தை ஒட்டித் தள்ள உதவும் நேரான தடுப்பு. பிளேடின் முன்பல்லுக்கும் பின்பல்லுக்கும் அது ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று திங்கள்கிழமை காலையில் அளப்பேன். பின்பக்கம் நெருங்கியிருந்தால் மரத்தைப் பிளேடோடு சேர்த்து நெரிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேஜையில் துரு ஏறும். துடைத்து மெழுகு தேய்த்துவிட்டால் மரம் வழுக்கிக்கொண்டு போகும்.

அமெரிக்காவில் ஸ்டீபன் காஸ் என்பவர் கண்டுபிடித்த சா ஸ்டாப் ரம்பத்தின் வீடியோவைப் பையன்கள் அடிக்கடி காட்டுவார்கள். ஈரச் சதை பட்டவுடன் ஓர் அலுமினியத் துண்டு பாய்ந்து பிளேடைப் பிடித்து, ஐந்து மில்லி நொடிக்குள் நிறுத்திவிடுகிறது. மனிதர் செய்த நல்ல காரியங்களில் ஒன்று அது. எங்கள் ஊர்ப் பட்டறைகளுக்கும் வாங்கும் விலையில் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதுவரை, கரண்ட் போனால் விட்டுவிடும் ஒரு ஸ்டார்ட்டராவது ஒவ்வொரு ரம்பத்திலும் இருக்கட்டும்.

விரல் போன பையன் இப்போது பாலிஷ் வேலை எடுத்துச் செய்கிறான். பிரஷ் பிடிக்க நடுவிரலையும் கட்டைவிரலையும் பழக்கிக்கொண்டான். என் கதவுகள் அவனிடம்தான் போகின்றன. போன மாதம் கணக்குப் பார்க்க வந்திருந்தான். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. அவன் பேச்சை நிறுத்தவில்லை. பேசிக்கொண்டே எழுந்து போய் ரம்பத்தின் பிளக்கைப் பிடுங்கி, மேஜை மேல் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். "அந்தத் தேக்கு நிலைக்கு ரெண்டு கோட்டு போதும்ணே" என்றான்.