ஜாடிக்குள் நிறம் நிற்காது: சன்ஃபிஷ் அடையாளத் தேர்வுக்கு நான் படித்த விதம்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் மீனியல் படித்தபோது செய்முறைத் தேர்வில் மேசைக்கு மேசை ஒரு ஜாடி இருக்கும். மீனைப் பார்த்து, அறிவியல் பெயரைப் பிழையில்லாமல் எழுத ஒரு நிமிடம்தான். முதல் தேர்விலேயே ரெட்இயரைப் புளூகில் என்று எழுதிவிட்டேன். இரண்டும் சன்ஃபிஷ் என்ற வட அமெரிக்க நன்னீர் மீன் குடும்பத்தைச் சேர்ந்தவை, பார்க்க ஒன்றுபோல இருக்கும். செவுள் மூடியின் நுனியில் காதுபோல நீட்டியிருக்கும் மடலில் சிவப்பு ஓரம் இருந்தால் ரெட்இயர் என்று படங்களைப் பார்த்து மனப்பாடம் செய்திருந்தேன். ஆல்கஹாலில் ஊறிய மீனில் அந்தச் சிவப்பு போய், ஓரம் வெறுமனே வெளிறிக் கிடந்தது.

அதன்பிறகு மீன்பிடி உரிமம் எடுத்துக்கொண்டு, சனிக்கிழமைதோறும் மண்புழுவும் தக்கைத் தூண்டிலுமாக அட்சஃபலாயா சதுப்புக்குப் போக ஆரம்பித்தேன். படிப்பு ஏறியது அங்கேதான்.

மீன் கைக்கு வந்ததும் நிறத்தைப் பார்க்காதீர்கள். முதலில் குதத் துடுப்பின் (அடிப்பக்கம், வாலுக்கு முன்னால் இருப்பது) முட்களை எண்ணுங்கள். உடல் தட்டையாக, வட்டமாக இருந்து முள் மூன்று என்றால் புளூகில், ரெட்இயர் எல்லாம் அடங்கிய லெப்போமிஸ் பேரினம். ஆறு, ஏழு என்று போனால் அதே குடும்பத்தின் வேறு மீன்களான கிராப்பியோ ஃபிளையரோ. அப்போது முதுகு முட்களையும் எண்ணிவிடுங்கள்: ஃபிளையருக்குப் பத்துக்கு மேல், கருங்கிராப்பிக்கு ஏழு அல்லது எட்டு, வெண்கிராப்பிக்கு ஐந்து அல்லது ஆறு.

அடுத்தது வாய். மேல்தாடை கண்ணுக்குக் கீழே வரை நீண்டிருந்தால் அது பெருவாய் மீன்: வார்மவுத் அல்லது கிரீன் சன்ஃபிஷ். ஈர விரலை நாக்கின்மேல் வைத்துத் தடவிப் பாருங்கள். வார்மவுத் என்றால் உப்புத்தாள்போலச் சொரசொரக்கும், நாக்கில் பற்கள் உண்டு. கண்ணிலிருந்து பின்னோக்கிக் கரும்பட்டைகள் ஓடுவதும் அதற்கு அடையாளம்.

சிறுவாய் மீன்களில்தான் மாணவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். மார்புத் துடுப்பை முன்பக்கம் மடக்குங்கள். நீண்டு கூராகக் கண்ணைத் தாண்டினால் புளூகில் அல்லது ரெட்இயர். குட்டையாக உருண்டிருந்தால் ரெட்ஸ்பாட்டட் சன்ஃபிஷ் போன்ற வேறொன்று. முதல் இரண்டையும் பிரிக்க, ஜாடி மீனின் செவுள் மூடியைத் தூக்கி உள்வளைவைப் பாருங்கள். அங்கே சீப்புப்பல்போல இருக்கும் முட்கள் புளூகில்லுக்கு நீண்டு மெலிந்திருக்கும், ரெட்இயருக்குக் குட்டையாகத் தடித்திருக்கும். ரெட்இயர் நத்தை தின்னும் மீன்; ஓட்டை நொறுக்கத் தொண்டையில் அரைக்கும் பற்களும் உண்டு. என்ன தின்கிறது என்று தெரிந்துகொண்டால் உறுப்பின் வடிவம் தானாக நினைவில் நிற்கும். இந்த ஒரு முறைக்காகவே இதை எழுதுகிறேன்.

ஊர்ப்பெயர்களையும் கேட்டு வையுங்கள். படகுத்துறையில் பழக்கமான பெரியவர் ஒருவர் ரெட்இயரைச் சிங்க்கபின் என்பார், வார்மவுத்தைக் காகிள் ஐ என்பார், கிராப்பியைச் சாக்கலே என்பார். மீன் எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு இந்தப் பெயர்களில்தான் பதில் வரும். பம்ப்கின்சீட் என்ற இன்னொரு சன்ஃபிஷ் பெரும்பாலும் நாட்டின் வடக்கு, கிழக்குப் பகுதி மீன். லூசியானா அதன் இயற்கை வாழிடம் அல்ல. இணையப் படத்தை நம்பி அந்தப் பெயரை இங்கே எழுதிவிடாதீர்கள். அடையாளங்கள் ஒன்றோடொன்று முரண்பட்டால் கலப்பினமாக இருக்கலாம், ஏனென்றால் புளூகில்லும் கிரீன் சன்ஃபிஷும் கலப்பது சகஜம். குறிப்பேட்டில் அப்படியே எழுதுங்கள், வலிந்து ஒரு பெயர் சூட்ட வேண்டாம்.

சமையலுக்கு எடுக்கும் மீனை உயிரோடு ஒரு படம், ஐஸில் சில மணி நேரம் கிடந்தபின் ஒரு படம் எடுத்து அருகருகே வைத்துப் படித்தேன். ஆரஞ்சும் நீலமும் மங்கியிருந்தன. புளூகில்லின் முதுகுத் துடுப்பின் பின்கோடியில் உள்ள கரும்பொட்டு மட்டும் இரண்டு படத்திலும் அப்படியே இருந்தது.