முற்றத்துக்குள் திரும்பி வரும் தண்ணீர்

கும்பகோணத்தில் கட்டடப் பொறியாளராக வேலை பார்க்க ஆரம்பித்து 24 வருடம் ஆகிறது. வரைபடம் போட்டு, அனுமதி வாங்கி, கூடவே நின்று கட்டி முடித்துக் கொடுப்பது என் தொழில். கட்டிய வீடுகளைவிட, இடிக்கக் கையெழுத்துப் போட்ட ஒரு வீடுதான் இன்னும் மனசில் நிற்கிறது.

2009இல் நடந்தது. பெரிய கடைத்தெருவுக்குப் பக்கத்தில், 22 அடி முகப்பும் 140 அடி நீளமும் உள்ள வீடு. திண்ணை, ரேழி என்கிற நடை, முற்றம், கூடம், இரண்டாம் கட்டு, கிணறு, கொல்லை என்று முன்தெருவிலிருந்து பின்தெரு வரை போகும். அண்ணன் தம்பி நான்கு பேருக்குப் பாகம் பிரிக்க வேண்டும், அதனால் இடித்துவிட்டு வணிக வளாகம். ஜேசிபி வருவதற்கு முன்னாலேயே பழைய மர வியாபாரி வந்து தேக்குத் தூண்களையும் உத்தரங்களையும் கன அடிக் கணக்கில் பேசி லாரியில் ஏற்றிவிட்டார். சுவர் சரிந்தபோது தெரு முழுக்க வெள்ளைப் புழுதி. என்னோடு இருந்த மேஸ்திரி ஒரு கல்லை எடுத்துக் கையில் கொடுத்தார். சப்பட்டையான சின்னச் செங்கல். அதில் ஒட்டியிருந்த காரையை நகத்தால் கீறினேன், பெயரவில்லை.

"கடுக்காய்த் தண்ணி விட்டு அரைச்ச சுண்ணாம்பு தம்பி. இந்த வீடு தானா விழுந்திருக்காது" என்றார்.

அப்புறம்தான் இந்த வீடுகளை ஏன் இடிக்கிறார்கள் என்று கவனித்துப் பார்க்க ஆரம்பித்தேன். காசு ஆசை என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் என்னிடம் வந்தவர்களில் பாதிப்பேர் வீட்டை விட மனசில்லாதவர்கள். அங்கே குடியிருக்க முடியாமல் போனதால் வந்தவர்கள்.

முதல் காரணம் தெருவிலேயே கிடக்கிறது. ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழையதன் மேலேயே போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. திண்ணைக்கு ஏறிப்போக ஐந்து படி இருந்த வீட்டில் இன்று இரண்டுதான் வெளியே தெரிகிறது. முற்றத்து மழைத்தண்ணீர் ரேழிக்கு அடியில் ஓடி வாசல் சாக்கடையில் விழுகிற மாதிரிதான் அந்தக் காலத்தில் வாட்டம், அதாவது சரிவு, வைத்தார்கள். இப்போது தெரு மேடு, வீடு பள்ளம். ஐப்பசி மழையில் சாக்கடைத் தண்ணீர் அதே வழியாக முற்றத்துக்குத் திரும்பி வருகிறது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவு போட்டார். அது இருபது வருடம் முன்னால் வந்திருந்தால் எத்தனையோ வீடுகள் நின்றிருக்கும் என்பது என் எண்ணம்.

அடுத்தது சிமெண்ட். சுவரில் ஈரம் ஏறுகிறது என்று கொத்தனாரைக் கூப்பிட்டால், சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசிவிட்டுப் போவார். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது. உள்ளேயே நின்ற ஈரம் மேலே ஏறி, உப்புப் பூத்து, கல்லே மாவாக உதிரும். அதைப் பார்த்து "வீடு செத்துப்போச்சு" என்பார்கள். செத்தது பூச்சு.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. பக்கத்தில் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. தொல்லியல் சின்னங்கள் சட்டத்தின் 2010 திருத்தப்படி, மத்திய அரசு பாதுகாக்கும் இப்படிப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். கோயிலுக்கு அந்தக் காவல் அவசியம். ஆனால் 100 மீட்டருக்குள் வீட்டைப் பழுது பார்க்கவும் அனுமதி வேண்டும் என்பதால், ஒழுகும் கூரைக்குத் தார்ப்பாய் போட்டே காலத்தை ஓட்டும் குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். கடைத்தெருவில் இருக்கும் சாதாரண வீட்டுக்கோ கேட்பார் இல்லை. சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வாழ்ந்த வீட்டை சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வாங்கி நினைவு இல்லமாகப் பராமரிக்கிறது. கணித மேதை வாழாத வீட்டை யார் வாங்குவார்கள்?

போன வருடம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். 2028 மகாமகத்துக்குள் வீட்டை இடித்து லாட்ஜ் கட்ட வேண்டும் என்று அவருடைய பிள்ளைகளுக்கு ஆசை. "எனக்குத் திண்ணை போதும் தம்பி, அவங்களுக்கு ரூம் வேணும். ரெண்டும் முடியுமா?" என்று கேட்டார்.

முடியும் என்று சொல்ல எனக்கு அந்த வீட்டின் நீளம்தான் தைரியம் கொடுத்தது. கூடம் வரை பழையதை அப்படியே விட்டுவிட்டு, கிணற்றுக்கு அந்தப் பக்கம் இரண்டு மாடி, வழி பின்தெருவில். புதிய அஸ்திவாரத்தின் பாரம் பழைய சுவருக்கு வராதபடி நடுவில் நான்கடி இடைவெளி. அதனால் இரண்டு அறை குறைந்தது, பிள்ளைகளுக்கு அதில் வருத்தம். முன்பக்கச் சிமெண்ட் பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்து, மூன்று மாதம் சுவரைக் காயவிட்டு, சுண்ணாம்பு பூசினோம். வேலை தெரிந்த ஆள் கிடைக்காமல் மன்னார்குடியிலிருந்து ஒரு பெரியவரை அழைத்து வந்தோம். முற்றத்து வாட்டத்தைப் பின்பக்கம் திருப்பி, ஜல்லியும் மணலும் போட்ட தொட்டி வழியாகத் தண்ணீரைக் கிணற்றில் விட்டோம். சதுர அடிக் கணக்கில் பார்த்தால் முன்பக்கத்தைச் சரிசெய்ய, புதிதாகக் கட்டுவதைவிடக் கூடத்தான் ஆனது. அதை மறைக்காமல் முதலிலேயே அவரிடம் சொல்லியிருந்தேன்.

இப்போது அடுத்த வீட்டுக்காரர்கள் இடிக்க வேண்டும் என்று என்னிடமே வந்திருக்கிறார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே பொதுச்சுவர். டீச்சர் வீட்டுக் கூடத்து உத்தரத்தின் ஒரு முனை அதில்தான் உட்கார்ந்திருக்கிறது. மழை முடிந்து தை பிறக்கட்டும், அதுவரை ஜேசிபியைக் கூப்பிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன். வியாழக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு அளக்கப் போகிறேன். அந்த வீடும் பின்தெரு வரை போகிறது.