டெலிபோன் இல்லாத டெலிபோன் பெட்டி

மகனைப் பார்க்க இங்கிலாந்து போயிருந்தபோது, காட்ஸ்வோல்ட்ஸ் பகுதிக் கிராமம் ஒன்றில் கடைசி பஸ்ஸைக் கோட்டை விட்டேன். கைபேசியும் சார்ஜ் தீர்ந்து கண்ணை மூடிவிட்டது. மகனிடம் திட்டு வாங்கக்கூட வழியில்லாமல் நின்றபோதுதான் தேவாலயத்தை ஒட்டி அந்தச் சிவப்புப் பெட்டி தெரிந்தது. சில்லறையை எண்ணிக்கொண்டே ஓடினேன்.

எஸ்.டி.டி. பூத்தின் அலுமினியக் கதவை இழுத்துப் பழகிய கை இது. ஒரு கையால் இழுத்தால் அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்து உள்ளே நுழைந்தால், டெலிபோன் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு அடுக்குப் புத்தகங்கள். தோட்டக்கலை, துப்பறியும் நாவல், மறுபடியும் தோட்டக்கலை.

வெளியே நாயுடன் ஒரு பாட்டி. (எனக்கே அறுபத்தாறு; பாட்டி என்பது அநியாயம்தான்.)

"புத்தகம் தேடுகிறீர்களா?"

"டெலிபோன் தேடுகிறேன்."

பரிதாபப்பட்டுத் தன் கைபேசியைக் கொடுத்தார். மகன் வர நாற்பது நிமிடம் ஆகும். அதுவரை பெட்டியின் தலபுராணம் கேட்டேன். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழாவுக்காக 1935இல் வடிவமைத்த கே6 வகையாம். பாட்டர்சீ மின்நிலையத்தின் வெளித்தோற்றத்தை வரைந்த கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட்டின் கைவண்ணம். வார்ப்பிரும்பு, முக்கால் டன் எடை. டெலிபோனைக் கழற்றிக்கொண்டு வெறும் பெட்டியை ஊருக்கு ஒரு பவுண்டுக்குத் தந்துவிட்டார்கள். பாரம்பரியச் சின்னப் பட்டியலில் இருப்பதால் அனுமதியில்லாமல் யாரும் அகற்ற முடியாது. அந்த வளைந்த கூரை மட்டும், ஜான் சோன் என்ற கட்டடக் கலைஞரின் கல்லறையைப் பார்த்துப் பிறந்ததாம். கல்லறைக்குள் நின்றா மகனை அழைக்கப் பார்த்தேன்! மெல்ல இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன்.

ஒரு துப்பறியும் நாவலை எடுத்தேன். எடுத்தால் பதிலுக்கு ஒன்று வைக்க வேண்டும் என்றார். என் பையில் இருந்தது ஊரிலிருந்து கொண்டுவந்த வார இதழ் மட்டுமே. அட்டையில் இருந்த வத்தக்குழம்புப் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, சமையல் புத்தகங்களுக்கு நடுவே பத்திரமாகச் செருகினார்.

மூன்று வாரம் கழித்து நாவலைத் திருப்பி வைக்கப் போனேன். வார இதழ் அதே இடத்தில் இருந்தது. ஆசையாகப் புரட்டினேன். நான் பாதியில் விட்ட சுடோகுவைப் பென்சிலால் யாரோ முடித்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் நான் போட்டிருந்த 7ஐ அடித்துவிட்டு, பக்கத்தில் அழகாக 4 எழுதியிருந்தது.