வெள்ளையடிக்கக் கேட்ட பன்னிரண்டாயிரம்

தருமபுரியில் மூன்று வருடம் குடியிருந்த வீட்டை 2024 மே மாதம் காலி செய்தோம். கொடுத்திருந்த அட்வான்ஸ் 50,000 ரூபாய். அதில் 15,500 பிடித்தம் என்று வீட்டுக்காரரின் மகன் போனில் சொன்னார்: பெயின்ட் அடிக்க 12,000, குழாய் வேலைக்கு 2,500, சுத்தம் செய்ய 1,000. கடைசியில் பிடித்தது 1,150 மட்டும். அந்த 1,150 நாங்கள் கொடுக்க வேண்டியதுதான், அதில் எனக்கு மறுப்பு இல்லை. நடுவில் நடந்ததை எழுதி வைக்கிறேன். எந்த ரிப்பேர் யார் பொறுப்பு என்று எனக்கு முதலில் தெரியாது. வீட்டுக்கார ஐயாவுக்கும் தெரியாது. பாதிச் சண்டை அதனால்தான் வந்தது.

குடிவந்தது 2021 ஜூன். பென்னாகரம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தெரு. கீழே வீட்டுக்கார ஐயாவும் அவர் மனைவியும் (அம்மா என்றுதான் கூப்பிடுவேன்), மாடியில் நாங்கள். வாடகை 7,000. என் கணவருக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை. சனிக்கிழமை ராத்திரி வருவார், திங்கள் விடியற்காலை பஸ் ஏறிவிடுவார். அதனால் வீட்டு விவகாரம் எல்லாம் நான்தான் பார்க்க வேண்டும். அக்ரிமென்ட் வழக்கமான 11 மாதம். டைப் அடிக்கும் கடையில் தயாராக வைத்திருந்த வாசகத்தில் பெயரையும் தொகையையும் மாற்றிக் கொடுத்தார்கள். படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். "காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்ளப்படும்" என்ற வரி அதில் இருந்தது பிறகுதான் தெரியும்.

அந்த வருடம் ஐப்பசி மழையில் படுக்கையறை மேல்தளம் ஒழுகத் தொடங்கியது. முதலில் ஒரு மூலையில் ஈரம், அப்புறம் சுவர் முழுக்க இறங்கியது. ஒரு ராத்திரி பூச்சு பெயர்ந்து கட்டிலுக்குப் பக்கத்தில் விழுந்தது. என் மகளுக்கு அப்போது நாலு வயது. அன்றிலிருந்து அவளை ஹாலில்தான் படுக்க வைத்தேன். மேலே பார்த்தால் கம்பி தெரிந்தது, துருப்பிடித்து.

கீழே போய்ச் சொன்னேன். "முன்னாடி இருந்தவங்க ஒண்ணும் சொல்லலையேம்மா. நீங்க மாடியில துணி தொவைக்கிறீங்க, அந்தத் தண்ணிதான் எறங்குது," என்றார் ஐயா. துணி துவைத்தது உண்மை. அதனால் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு மேஸ்திரியைக் கூட்டி வந்து காட்டினேன். மொட்டை மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேலே தட்டையான ஓடு பதித்திருந்தார்கள். ஓடுகளுக்கு நடுவே இருந்த பூச்சு வெடித்து, வடிகால் பக்கம் வாட்டம் (சரிவு) குறைந்து, தண்ணீர் அங்கேயே தேங்குகிறது என்றார். "துரு ஏறினா கம்பி ஊதும், ஊதினா காங்கிரீட்டத் தள்ளிடும். இது ஒரு வருசத்துல வந்ததில்லீங்க, ரொம்ப நாளா ஊறின தண்ணி," என்று சொல்லி 18,500 ஆகும் என்று எழுதிக் கொடுத்தார். ஐயா அந்தக் காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒரு மாதம் போயிற்று.

எங்கள் அண்ணனுடைய நண்பர் ஒருவர் தருமபுரி கோர்ட்டில் வக்கீலாக இருக்கிறார். அவரிடம் கேட்டபோதுதான் இதற்கென்று தனிச் சட்டமே இருக்கிறது என்று தெரிந்தது. 1960-இல் வந்த பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இரண்டு பேருடைய உரிமைகளையும் பொறுப்புகளையும் வரையறுத்து 2017-இல் தமிழ்நாடு ஒரு சட்டம் இயற்றியது. 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் இரண்டாம் அட்டவணையில் ரிப்பேர்களை இரண்டாகப் பிரித்தே எழுதியிருக்கிறார்கள்.

வீட்டுக்காரர் பக்கம் நாலே விஷயம். கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது (நாம் உடைத்தது தவிர), சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும், தேவைப்படும்போது குழாய் லைனை மாற்றுவது, தேவைப்படும்போது வயரிங். நம் பக்கம் பட்டியல் நீளம். குழாயும் வாஷரும், சாக்கடை அடைப்பு, கக்கூஸ், வாஷ்பேசின், கீசர், சுவிட்ச், பிளக், பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை, சமையலறைப் பொருத்துகள் எல்லாம் குடியிருப்பவர் செலவு. சாதாரணப் புழக்கத்தில் தேய்வதற்கு யார் மேலும் குற்றம் இல்லை. அதற்கு மேல், வந்தபோது இருந்த நிலையில் வீட்டை வைத்திருக்க இருவருமே கடமைப்பட்டவர்கள்.

"ஆனா ஒண்ணு," என்றார் வக்கீல். "அட்டவணைப்படி, இல்லாட்டி ஒப்பந்தத்துல ஒத்துக்கிட்டபடி, அப்படின்னுதான் இருக்கு. உங்க அக்ரிமென்ட்ல வெள்ளையடிக்கிற வரி இருக்கே, அதைக் காட்டி அவரு கேப்பாரு." அன்று ராத்திரிதான் என் அக்ரிமென்ட்டை முதல்முறை முழுக்கப் படித்தேன்.

அவர் சொன்ன இன்னொன்றும் முக்கியம். வாயால் சொன்னது கணக்கில் வராது, எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கேட்டும் வீட்டுக்காரர் செய்யாவிட்டால் நாமே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. எங்களுக்குப் பாதி வாடகை 3,500. 18,500-ஐக் கழிக்க ஆறு மாதம் ஆகும். அதுவரை அந்தப் பணத்தை நாங்கள் போட வேண்டும். எங்களிடம் அப்போது அவ்வளவு இல்லை.

கடிதம் ஒரு பக்கம்தான். எந்தத் தேதியில் ஒழுக ஆரம்பித்தது, எந்த ராத்திரி பூச்சு விழுந்தது, மேஸ்திரி என்ன சொன்னார், எவ்வளவு ஆகும், குழந்தை இருக்கிறது. இவ்வளவுதான் எழுதினேன். யாரையும் குறை சொல்லவில்லை. போட்டோக்களைப் பிரின்ட் போட்டு இணைத்து, கையில் ஒரு பிரதி கொடுத்தேன், இன்னொன்றை ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். கீழ் வீட்டுக்குத் தபால் அனுப்புவது எனக்கே கஷ்டமாக இருந்தது. அம்மா இரண்டு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆனால் பொங்கல் முடிந்ததும் வேலை ஆரம்பமானது. பழைய ஓடுகளைப் பெயர்த்து, வாட்டம் சரிசெய்து, புதிதாகப் பதித்தார்கள். உள்ளே கம்பியைத் தேய்த்துத் துரு எடுத்து மறுபடி பூசினார்கள். ஐயா ரிட்டயர் ஆனவர். எங்கள் வாடகைதான் அவருக்கு மருந்துச் செலவு. அந்த 18,500 அவருக்கு இரண்டரை மாத வாடகைக்கு மேலே. அவர் தள்ளிப்போட்டதன் காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. சுவரில் இறங்கிய பழுப்புக் கறைக்கு மட்டும் பெயின்ட் அடிக்கவில்லை. "அப்பறம் பாத்துக்கலாம்மா," என்றார், நானும் விட்டுவிட்டேன்.

2022 மே மாதம் அக்ரிமென்ட் புதுப்பிக்கும் நேரம் வந்தது. இந்த முறை நான் உட்கார்ந்து எழுதினேன். வெள்ளையடிக்கும் வரியை எடுத்துவிட்டு, ரிப்பேர் அட்டவணைப்படி என்றும், இயல்பான தேய்மானம் நீங்கலாக வீட்டை ஒப்படைப்போம் என்றும் போட்டேன். படுக்கையறைச் சுவரில் ஒழுகிய கறை இருக்கிறது என்பதையும் ஒரு வரி சேர்த்தேன். ஐயா கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, "இருக்கறதத்தானே எழுதியிருக்க," என்று கையெழுத்துப் போட்டார். அதை வாடகைப் பதிவுக்கான அரசு இணையதளத்தில் பதிவும் செய்தோம். எழுத்தில் ஒப்பந்தம் போடுவதும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவதும் இந்தச் சட்டத்தில் கட்டாயம். தகராறு வந்தால் முதலில் கேட்பது அந்தப் பதிவு எண்ணைத்தான் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அட்வான்ஸும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. நாங்கள் 50,000 என்று ஒத்துக்கொண்டே எழுதியிருந்தோம், அதை மாற்றச் சொல்லவில்லை.

அடுத்த தொல்லை தண்ணீர். எங்கள் மாவட்டத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குடிக்க ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது, குளிக்கத் துவைக்க போர்வெல் தண்ணீர்தான். அதில் இருக்கும், பல்லில் கறை ஏற்றும் ஃபுளோரைடு கண்ணுக்குத் தெரியாது, குழாயை அடைக்கும் உப்பு நன்றாகவே தெரியும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை குழாய் வாயில் வெள்ளையாகக் கட்டிக்கொள்ளும், கீசரில் சூடேற்றும் காயில் போய்விடும். குழாயும் கீசரும் நம் பொறுப்பு என்பதால் நானே மாற்றிக்கொண்டேன். இந்த ஊர்த் தண்ணீருக்கு அந்த விதி குடியிருப்பவருக்குப் பாரம்தான், ஆனாலும் விதி அது.

2023-இல் புதுக் குழாய் போட்டும் நூல் மாதிரிதான் தண்ணீர் வந்தது. பிளம்பர் தம்பி டேங்கிலிருந்து இறங்கும் பழைய இரும்புக் குழாயை அறுத்துக் காட்டினான். உள்ளே விரல் போகாத அளவு உப்பு. தண்ணீர் திறக்கும் குழாய் வேறு, தண்ணீர் கொண்டு வரும் குழாய் லைன் வேறு. லைன் வீட்டுக்காரர் பொறுப்பு. எழுதிக் கொடுத்து மூன்று வாரம் காத்திருந்து, 4,200 செலவில் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப் போட்டு, ஒரு மாதம் 3,500-உம் அடுத்த மாதம் 700-உம் கழித்து வாடகை அனுப்பினேன், பில்லோடு. ஐயாவுக்குக் கோபம். "இப்பிடியெல்லாம் கழிச்சா மோட்டாரே போட மாட்டேன்," என்றார். தண்ணீர், கரண்ட் மாதிரி அத்தியாவசியங்களை நிறுத்த அவருக்கு அதிகாரம் இல்லை. அதைச் சொல்லிக் காட்டாமல், பிளம்பர் வெட்டி வைத்த குழாய்த் துண்டை எடுத்துப்போய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுநாள் மோட்டார் ஓடியது.

காலி செய்யும்போது பேசியது ஐயா இல்லை, வெளியூரில் இருக்கும் மகன். "எல்லா எடத்துலயும் பெயின்டுக்குப் பிடிக்கிறாங்க, நாங்க மட்டும் என்ன?" என்றார். போட்டோவில் அவர் பார்த்தது அந்தப் பழுப்புச் சுவரைத்தான். அந்தச் சுவருக்கு நாங்கள் பணம் கொடுப்பதா என்று எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அதன் அடியில் என் பிள்ளையைப் படுக்க வைக்க முடியாமல் கழித்த மாதங்கள் எனக்குத்தான் தெரியும்.

சண்டை போடவில்லை, எழுதினேன். 2022 அக்ரிமென்ட்டின் நகல், பதிவு எண், பழைய கடிதங்கள், பைப் பில். நாங்கள் கொடுக்க வேண்டியதையும் நானே கணக்குப் போட்டேன்: சமையலறைக் குழாய் 450, இரண்டு சுவிட்ச் 120, பாத்ரூம் தாழ்ப்பாள் 180, ஜன்னல் கண்ணாடி 400. ஹால் சுவரில் மகள் கிரேயானால் கிறுக்கியிருந்ததைத் தேய்மானம் என்று சொல்ல முடியாது. அந்தச் சுவருக்குக் காலி செய்வதற்கு முன்பே 1,400 செலவில் நாங்களே பெயின்ட் அடித்துவிட்டோம். மீதி 48,850-ஐ, சட்டப்படி காலி செய்து ஒரு மாதத்துக்குள் தர வேண்டும் என்றும், இல்லாவிட்டால் இந்தச் சட்டத்தின்படி மனு கொடுப்பேன் என்றும் முடித்தேன். மனுவையும் வக்கீலிடம் எழுதி வாங்கி வைத்திருந்தேன்.

கொடுக்க வேண்டி வரவில்லை. மகன் இரண்டு தடவை போன் செய்தார். மூன்றாவது தடவை ஐயாவே பேசினார். "அந்தச் செவுரு நம்மளுதுதான்னு அவன்கிட்ட சொல்லிட்டேன்," என்றார். காலி செய்த 27-ஆம் நாள் 48,850 கணக்கில் ஏறியது.

ஆடி மாதம் வீட்டுக்கார அம்மா போன் செய்தார்கள். புதிதாகக் குடிவந்தவர்களுக்குக் குழாயில் தண்ணீர் சொட்டுகிறதாம், அந்த பிளம்பர் தம்பியின் நம்பர் வேண்டுமாம். வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தேன்.