வாசலில் ஆவாரை

கோடையில் செம்பருத்திக்குக் குடம் குடமாய்த் தண்ணீர் சுமந்து அலுத்துப்போய், வாசலோரம் ஆவாரை விதைத்தேன். விதைத்தோல் கெட்டி. வெந்நீர் ஊற்றி ஒரு ராத்திரி ஊறவிட்டால் நன்றாக முளைக்கும். முதல் கோடையைத் தாண்டும்வரை தண்ணீர் காட்டினால் போதும், அப்புறம் மழையே பார்த்துக்கொள்ளும். வேரில் நீர் தேங்கினால்தான் வம்பு.

பூ சும்மா அழகுக்கு என்று நினைக்காதீர்கள். தேன் கிடையாது, மகரந்தம்தான். அதுவும் நுனியில் சின்னத் துளையுள்ள மகரந்தப்பைக்குள் பத்திரமாக இருக்கும். பெரிய கருவண்டு பிடித்துக்கொண்டு ரீங்கரித்து உலுக்கினால்தான் கொட்டும். காலையில் அந்தச் சத்தமே தனி!

கொங்குப் பக்கம் பொங்கல் காப்புக்கட்டுக்குப் பூளைப்பூவோடு இதையும் காசு கொடுத்து வாங்குகிறார்கள். தெருக்காரர்களே, இந்த வருஷம் எங்கள் வாசலில் பறித்துக்கொள்ளுங்கள். வண்டுக்கு நாலு கொத்து விட்டுவையுங்கள், அவ்வளவுதான்.